இரண்டாம் கேமராக்காரனுக்கு

நேற்று மாலை உன் மகள் வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, "ஆன்ட்டி, அத்தாவோட அலமாரியில இது இருந்திச்சு. உங்களுதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். உள்ளே ஒரு வீடியோ கேசட். உறையைத் திறந்ததும் பூஞ்சையும் பாச்சா உருண்டையும் சூடான ஒயரும் கலந்த ஒரு வாசனை வந்தது. தி. நகரில் நீ வேலை பார்த்த ஸ்டுடியோவின் மிக்சிங் ரூம் வாசனை. இத்தனை வருடம் கழித்து அது என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேசட்டின் முதுகில் உன் கோணல் எழுத்து: 'டைரக்டர். அழிக்கக் கூடாது.' மேலே யாரும் வேறு எதையும் பதிவு செய்துவிடாதபடி ஓரத்துப் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து வைத்திருந்தாய். உன் மகள் பூஞ்சையைத் துடைக்கக் கொடுத்து, பென் டிரைவிலும் ஏற்றிக் கொண்டு வந்திருந்தாள். இன்று காலை அதைப் பார்த்தேன். இந்தக் கேசட்டை வைத்துத்தான் ஒரு நாள் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இருந்தே வருகிறேன். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், அது உனக்குத் தெரியும்.

கம்பெனிப் பயிற்சிக்காக ஜப்பானில் ஆறு மாதம் இருந்த என் சித்தப்பா, அங்கே டிவியில் வந்த ஒரு கார்ட்டூன் பொம்மைத் தொடரை மூன்று கேசட்டில் பதிவு செய்து கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வீடியோ டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் மேலே மேலே உருண்டு ஓடியது. அமெரிக்காவில் இருக்கும் உறவுகளுக்குக் கல்யாணக் கேசட் மாற்றித் தரும் ஸ்டுடியோ ஒன்று தி. நகரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு, வேலைக்கும் வரனுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம். நீ வாயில் செல்லோ டேப்பைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாய்.

"இது வேற சிஸ்டம் மேடம். உங்க டெக்குல ஓடாது. எங்களுதுல ஓடும்" என்று இரண்டு நிமிடம் போட்டுக் காட்ட ஆரம்பித்தாய். முழுப் பாகத்தையும் நாம் நின்றபடியே பார்த்து முடித்தோம். நீ எனக்கென்று வாங்கி வரச்சொன்ன டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

அதன் பிறகு தினமும் மதியம், முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில், நாளுக்கு ஒரு பாகம். மொத்தம் பன்னிரண்டுதான் இருந்தது. ஒரு தீவில் கலங்கரை விளக்குக் காவல்காரரின் மகள். கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அவளும் ஒரு வெள்ளை நரியும் படகு கட்டுகிறார்கள். இவ்வளவுதான் நமக்கு உறுதியாகத் தெரிந்தது. இருவருக்கும் ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாது. வாயில் சுங்கானை வைத்துப் புகை விடும் கிழவர் வில்லன் என்பேன் நான். "இல்ல, அது அந்தப் பொண்ணோட தாய்மாமன். மூஞ்சப் பாரு, தாய்மாமன் மூஞ்சி" என்பாய் நீ. முகத்தைப் பார்த்து உறவு சொல்வது உன் தொழில் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டாம் பாகத்தில் மட்டும் நமக்குள் சண்டை வரவில்லை. புறப்படும் நேரத்தில் பாய்மரக் கயிறு அறுந்துவிடும். அந்தப் பெண் அப்பாவின் கத்தியை எடுத்து, இடுப்பு வரை தொங்கும் தன் பின்னலை அறுத்து, அதையே கயிறாக்கிப் பாயைக் கட்டுவாள். யாரும் இல்லாத கரை. பேச்சே கிடையாது, காற்று மட்டும். நீ டெக் துடைக்கும் மஞ்சள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இதை நிஜ மனிதர்களை வைத்துப் படமாக எடுக்கலாம் என்று முதலில் சொன்னது நீயா நானா என்பதில் கடைசி வரை நமக்குள் முடிவு வரவில்லை. நான்தான். அன்றிலிருந்து நீ என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டு 'டைரக்டரே' என்று ஆரம்பித்தாய். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கேமராவைத் தந்தார், முகூர்த்தம் இல்லாத ஞாயிறு மட்டும்.

எத்தனை கூத்து. பொம்மைப் படத்துப் பெண்ணுக்குக் கண் பாதி முகத்துக்கு இருக்கும். எனக்கு மையைத் தீட்டிப் பெரிதாக்கப் பார்த்து, கடைசியில் நான் தெருக்கூத்து அரக்கி மாதிரி ஆனதும் சோப்புப் போட்டுக் கழுவினோம். மீர்சாகிப்பேட்டையில் உன் அம்மா, ஷெர்வானிக்கு உள்துணி வெட்டியதில் மிச்சமான நீலச் சாட்டினில் எனக்கு அங்கி தைத்துக் கொடுத்தார். அளவெடுக்கும்போது, "இந்தப் பொண்ணு சாப்பிடறதே இல்லியா" என்று உன்னைத்தான் திட்டினார். வெள்ளை நரிக்கு எங்கள் தெருநாய். அதன் மேல் ஒரு டப்பா முகப் பவுடரைக் கொட்டினாய். அது தும்மித் தும்மியே அன்றைய படப்பிடிப்பை முடித்துவைத்தது. ஒவ்வொரு காட்சி முடியும்போதும் கல்யாண வீடியோவில் வரும் தாமரை விரிய வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய்.

"கடல்ல எப்படிப்பா தாமரை பூக்கும்?" என்றேன்.

"கல்யாணத்துல மட்டும் இன்னா, ஐயர் தலைக்கு மேல பூக்குதா? அங்க ஒத்துக்கினாங்க இல்ல, இங்கயும் ஒத்துப்பாங்க."

வரைகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வேண்டாததை வரையாமல் விட்டுவிடலாம். கேமராவுக்கு அது முடியாது, முன்னால் வந்து நிற்கிற எல்லோரையும் அது வாங்கிக்கொள்ளும். அந்தப் பெண் தனியாக நின்ற கரை நமக்கு எங்கே கிடைக்கும்? பட்டினப்பாக்கமோ அடையாறோ, கேமராவை வெளியே எடுத்த மறுநிமிடம் நாற்பது பேர். எனக்கு எரிச்சலாக வரும். உனக்கு அது பழக்கமான கூட்டம்.

உன் வேலையைப் பற்றி அப்போதே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்தில் உங்கள் ஸ்டுடியோவிலிருந்து இரண்டு கேமரா போகும். முதல் கேமரா முதலாளியுடையது. கெட்டிமேளம் கொட்டி மாப்பிள்ளை தாலி கட்டுவதை அவர் எடுப்பார். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டாவது கேமராவுக்கு மணமேடையைப் பார்க்கவே உரிமை இல்லை. பெண்ணைப் பெற்றவளின் முகத்தை எடுக்க வேண்டும். அப்புறம் அப்பா, அத்தை, மாமா என்று வரிசையாக ஒரு முகத்துக்கு மூன்று விநாடி. "நூத்துக்கணக்குல கல்யாணம் பாத்துட்டேன் டைரக்டரே. ஒரு தாலி கட்டறதக்கூடப் பாத்ததில்ல" என்று சிரிப்பாய். ஐந்து வருடமாக நீ இரண்டாவது கேமரா.

இனி என் முடிக்கு வருகிறேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் எங்கள் வீட்டில் முதலில் காட்டியது அதைத்தான். இடுப்பைத் தாண்டித் தொங்கும். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னைப் பலகையில் உட்கார்த்தி, நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டி, அவளே பின்னிவிடுவாள். எனக்கு இருபத்தியொரு வயதான பிறகும் அந்தப் பின்னல் அவளுடையதுதான். அதை வெட்டப் போகிறேன் என்றதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொம்மைப் படத்துக்காக யாராவது முடியை வெட்டிப்பாளோடி? ஜாதகம் நாலு பேர் ஆத்துல இருக்கற நேரத்துல."

"எனக்கு வேணும்மா. ஒரு தடவை."

"என்னவோ பண்ணிக்கோ. நான் கண்ணால பார்க்க மாட்டேன்."

நீயும் தடுத்துப் பார்த்தாய். "சவுரி ஒண்ணு வாங்கி வெச்சி வெட்டிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"அவ நிஜமா வெட்டினா. நானும் நிஜமாத்தான் வெட்டுவேன்."

"அது வரைஞ்ச பொண்ணும்மா. அதுக்கு அடுத்த சீன்லயே மறுபடி வரைஞ்சிப்பாங்க" என்றாய். என் பிடிவாதத்துக்கு முன்னால் அந்த நியாயம் எடுபடவில்லை.

அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்துப் பக்கத்து மணல். ஞாயிறு காலை ஏழு மணி. பாய் கட்டிய கட்டுமரம் ஒன்றை ஒரு மீனவர் நமக்காக நிறுத்தி வைத்திருந்தார். கத்தி சரிவராது என்று உன் அம்மாவின் துணி வெட்டும் கத்தரியைக் கொண்டு வந்திருந்தாய். கூட்டத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு, கேமராவைத் தோளில் தூக்கி, "இன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட் கேமரா" என்றாய். உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நான் சொன்னேன்: "ஒரே தடவைதான். இதை விட்டா மறுபடி எடுக்க முடியாது." நீ தலையை ஆட்டினாய்.

நான் கடலைப் பார்த்து நின்றேன். கூட்டம் என் முதுகுக்குப் பின்னால். கத்தரி உடனே இறங்கவில்லை, பின்னல் அவ்வளவு தடிமன். நறநறவென்று சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. கழுத்தில் ஒரேயடியாகக் காற்று பட்டது. கையில் கிடந்த பின்னல் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதைப் பாயில் கட்டி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி, "வந்துச்சா?" என்று கத்தினேன். வந்தது என்றாய். பின்னலை நீ எடுத்து வைப்பதாகச் சொன்னாய். மறுநாள் கேட்டபோது, "அலையில போயிடுச்சி டைரக்டரே" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று வீட்டுக்குப் போனேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தட்டைப் போட்டு, "சாப்பிடு" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவே இல்லை. அந்த மௌனத்தைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன். அவள் போன பிறகும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாலாம் நாள் மிக்சிங் ரூமில் கேசட்டைப் போட்டாய். கத்தரி திறக்கிறது. பின்னலைக் கவ்வுகிறது. அந்த நொடியில் படம் என்னை விட்டு விலகி இடது பக்கம் திரும்பியது. வாயைப் பிளந்த ஒரு சிறுமி, மூன்று விநாடி. மீன் கூடைக்காரம்மா, மூன்று விநாடி. ஐஸ் வண்டிக்காரர். நான் கையால் டெக்கை அடித்து நிறுத்தினேன்.

"நிறுத்தாத. முழுசாப் பாரு" என்றாய்.

"என்னத்தப் பாக்கறது? என் முடி போச்சு. அது டேப்ல இல்ல. ஐஸ் வண்டி இருக்கு."

"கெட்டிமேளம் கொட்டினா மாதிரி ஆயிடுச்சி எனக்கு. கை தானா திரும்பிடுச்சி. தப்புதான். ஆனா முழுசாப் பாரு டைரக்டரே. பாத்துட்டுத் திட்டு."

அப்போதுதான் அதைச் சொன்னேன். "நீ கல்யாண வீடியோவுக்குத்தான் லாயக்கு. அதுவும் செகண்ட் கேமராவுக்கு."

கேசட்டை வெளியே எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்துப் பல்லை உடைத்து, அலமாரியில் வைத்தாய். "என்கிட்டதான் இருக்கும். எப்ப வேணா வந்து பாரு" என்றாய். நான் படியிறங்கிவிட்டேன். படம் அத்தோடு நின்றது. எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். உன்னோடு பதினொரு மாதம் பேசவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வீடியோவுக்கு அம்மாவே ஆளைச் சொன்னாள். "அந்தப் பையனைத்தான் கூப்பிடணும். வேற யாரும் வேண்டாம்." எனக்கு ஆச்சரியம். முகூர்த்தத்தன்று என் முடி தோளைத்தான் தொட்டிருந்தது. அம்மா எங்கிருந்தோ ஒரு சவுரி கொண்டு வந்து, அதை வைத்து நீளமாகப் பின்னி, தாழம்பூவும் ஜடைபில்லையும் வைத்தாள். நிறமும் சுருளும் அப்படிப் பொருந்தின. "எந்தக் கடையிலம்மா கிடைச்சுது?" என்று கேட்டேன். "கிடைச்சுது" என்றாள். நீ வந்தாய். நானும் ஒன்றும் நடக்காத மாதிரி, "சாப்டியா?" என்று கேட்டேன். அன்றோடு நமக்குள் பேச்சு திரும்பியது. ஆனால் அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. என் கல்யாண வீடியோவில் ஓர் இடத்தில் வேறு எதுவும் இல்லாமல் என் ஜடை மட்டும் ஒரு முழு நிமிடம் வரும். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கேமராக்காரர் தூங்கிவிட்டார் என்பார் என் கணவர்.

நீ ஷார்ஜா போனாய், திரும்பி வந்தாய், மந்தைவெளியில் சொந்தக் கடை வைத்தாய். ரம்ஜான் அன்று, பிரியாணி சாப்பிடாத எங்கள் வீட்டுக்கென்று சேமியா மட்டும் தனியாக வரும். இரண்டு மூன்று தடவை, "அந்தக் கேசட்டு..." என்று ஆரம்பித்தாய். நான் ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினேன். அம்மா போனபோது வந்து, வாசலில் நெடுநேரம் நின்றாய். அப்போதும் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாய். போன வருடக் கடைசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை.

இன்று காலை முழுவதும் பார்த்தேன்.

ஐஸ் வண்டிக்காரருக்கு அடுத்து கேமரா தயங்குகிறது. கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி நெருங்குகிறது. மாம்பழ நிறப் புடவை, தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி என் அம்மா. மூன்று விநாடி ஆகிறது. நீ நகரவில்லை. அவள் கண் என் முதுகிலேயே இருக்கிறது. கத்தரியின் ஒவ்வொரு கடிக்கும் அவள் கை அவளுடைய பின்கழுத்துக்குப் போய்த் தடவிக்கொள்கிறது. அலைச் சத்தத்துக்கு நடுவே, மைக்குக்கு மிக அருகில், உன் குரல் கேட்கிறது.

"அழாதீங்கம்மா. முடிதானே, வளந்துடும்."

"நான் எங்கே அழறேன்? ஒரு வயசுல திருத்தணியில மொட்டை போட்டப்பவும் இப்படித்தான் நின்னா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அதே நிலை, பாரேன்."

உன் கேமரா என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவளையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா சிரிக்கிறாள். எண்ணெய் தேய்க்கும்போது என் தலைக்குப் பின்னால் இருந்த முகம் அது, அதனாலேயே நான் அதிகம் பார்க்காத முகம்.

"ஏம்பா, அந்தப் பின்னலைத் தூர எறிஞ்சுடாதே. எங்கிட்ட கொண்டு வந்து கொடு. கல்யாணத்துக்குச் சவுரி கட்டி வெச்சுடறேன்."

"தரேம்மா."

"நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லப்படாது. வர மாட்டேன்னு சொல்லிட்டேன், பாத்துக்கோ."

"சத்தியமா சொல்ல மாட்டேம்மா."

தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவள் போகிறாள். அவள் நின்ற இடத்து வெறும் மணலையும் நீ மூன்று விநாடி எடுத்திருக்கிறாய்.

நீ சொல்லவே இல்லை. நான் உன்னை அத்தனை கேவலமாகப் பேசியபோதும், அம்மா வந்திருந்தாள் என்ற ஒரு வரியைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. முழுசாப் பாரு என்று மட்டும் கெஞ்சினாய். என் ஜடையை ஒரு நிமிடம் எடுத்ததும் தூக்கத்தில் இல்லை. அது யாருடைய முடி என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

பீரோவிலிருந்து சவுரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். என் தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. இது இன்னும் கன்னங்கரேலென்று இருக்கிறது. அன்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ சரியான இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை மன்னித்துவிடு.

கேசட்டில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கேமரா மெல்ல வலது பக்கம் திரும்புகிறது. நீல அங்கியில், கழுத்து வரை கத்தரித்த தலையோடு நான் திரும்பிப் பார்த்து, "வந்துச்சா?" என்று கத்துகிறேன். நீ எந்தக் காட்சியிலும் இல்லை. உன் குரல் மட்டும் மிகப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் கரகரத்து வருகிறது.

"வந்துச்சி டைரக்டரே."